பூட்டிய வீட்டில் கர்த்தர் திறந்த ஜன்னல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் நம் சபையின் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிற இரும்பு வேலை முழுக்க என் கையால் ஆனது. கிரேன் கிடையாது. கயிறு, கப்பி, எட்டு ஆள், அவ்வளவுதான். படித்த இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்து, இது நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கூரை நிற்கிறது. திருமுடிவாக்கத்தில் இரண்டு ஷெட் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பழைய வெல்டிங் செட்டும் வாடகைக் கொட்டகையுமாக ஆரம்பித்தது. முடிச்சூர் ரோட்டில் நீங்கள் நடந்து போனால் வலது கைப் பக்கம் பார்க்கிற கேட்டுகளில் பாதி என்னுடையவை. என்னைக் 'கேட் தேவதாஸ்' என்றுதான் சொல்வார்கள். என் மகளைக் காலேஜ் வரை படிக்க வைத்து, கீழ்க்கட்டளையில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தேன். முடிச்சூரைத் தாண்டி, வயலாகக் கிடந்த இடத்தில் முதல் வீடு கட்டினவன் நான். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். யாரும் தூக்கி விடவில்லை.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த இந்தக் கை, 2005-ம் வருஷ மழையில் ஒரு சின்னச் சாவியைப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தெரு விளக்குக்கூட சரியாகக் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் புகுந்து அந்த அம்மாவின் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். என் மனைவி எஸ்தருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். பகலில் தனியாக இருப்பாள். அதனால் வீட்டைச் சுற்றி இரும்பு போட்டேன். மற்றவர்களுக்குப் போடுகிற மாதிரி இல்லை. அரை இஞ்ச் சதுரக் கம்பி, மூன்று இஞ்ச் இடைவெளி. வராண்டா முழுக்கக் கிரில். அதில் ஒரு கேட். கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி கீல்களுக்கு மேலே வெல்டிங் வைத்து அடைத்தேன். பூட்டை வெளியே தொங்க விட்டால்தானே திருடன் கட்டர் போட்டு வெட்டுவான்? பூட்டைச் சுற்றி ஒரு இரும்புப் பெட்டி செய்து வைத்தேன். அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும். கீழேயிருந்து கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் சாவியைப் போட வேண்டும். சுத்தியல், கட்டர், கடப்பாரை எதுவும் அந்தப் பூட்டைத் தொட முடியாது. எத்தனையோ பேர் வந்து பார்த்து இதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

தினமும் காலையில் நான் வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவேன். எழுந்து வந்து திறந்து மூட எஸ்தருக்கு முடியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். இன்னொரு சாவி பட்டறை டிராயரில் இருந்தது. மீன்காரி அஞ்சலை வந்தால் எஸ்தர் கம்பி வழியாகக் கையை நீட்டி வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, கர்த்தரே என் அரண் என்று சாட்சி சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

அன்றைக்குக் காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பத்தரை மணி இருக்கும், எஸ்தர் பட்டறைக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, தண்ணி ரோட்டைத் தாண்டி வந்துடுச்சு. நம்ம படியில மூணாவது படியில நிக்குது."

"அஞ்சு படி வச்சிருக்கேன். சும்மாவா வச்சேன்? உள்ளே வராது. பயப்படாம ஜெபம் பண்ணு."

"பண்ணிட்டுத்தாங்க போன் பண்றேன்."

நான் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. மறுபடி போன் செய்து பார்த்தேன், லைன் செத்துப் போயிருந்தது. மேலே ஏதோ ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று ரோட்டில் கத்திக்கொண்டு போனார்கள்.

ஸ்கூட்டரைத் தாம்பரத்தோடு போட்டுவிட்டேன். அதற்கு மேல் ரோடே இல்லை, ஆறு மாதிரி ஓடியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. எனக்கு நீச்சல் தெரியாது. காம்பவுண்டுச் சுவர்களையும் கேட்டுகளையும் பிடித்துப் பிடித்துப் போனேன். பிடித்ததில் பாதி என் கேட்டுகள். வீடு போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

தெருவில் எல்லோரும் மொட்டை மாடியில் நின்றார்கள். என் வீட்டு மாடி மட்டும் காலி. மாடிப் படி வெளியே இருந்தது. எஸ்தர் உள்ளே இருந்தாள்.

வராண்டாவில் தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது. பூட்டுப் பெட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தேன். கையை அடியில் விட்டேன். பெட்டிக்குள் சேறு அடைத்திருந்தது. விரல்கள் மரத்துப் போயிருந்தன. துவாரத்தைத் தேடினேன். பூட்டு திரும்பிக்கொண்டு நின்றது. அதை நிமிர்த்த ஒரு விரலை எடுத்தேன். அவ்வளவுதான். சாவி போய்விட்டது. கையில் இருந்தது, அடுத்த நொடி இல்லை. விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. காலால் தேடினேன். தண்ணீர் இழுப்பு என் செருப்பையே கொண்டு போனது, சாவி எந்த மூலைக்கு?

எதிர் மாடியிலிருந்து சுத்தியலும் கடப்பாரையும் கயிறு கட்டி இறக்கினார்கள். பெட்டியை அடித்தேன். என் பெட்டி. நசுங்கவில்லை. கீலைப் பார்த்தேன், நானே அடைத்து வைத்தது. கரண்ட் இல்லை, வெட்டுகிற மிஷின் எதுவும் ஓடாது. சுவரை இடிக்கலாமா என்றார் ஒருவர். தளத்தை உடைக்கலாமா என்றார் இன்னொருவர். நானே நின்று போட்ட கான்கிரீட். நாளைக்குத்தான் உடையும்.

ஹால் ஜன்னலுக்குப் போனேன். எஸ்தர் கட்டிலை ஜன்னல் ஓரம் தள்ளி, அதன் மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. அவள் இடுப்பு வரை தண்ணீர். நான் கம்பிக்குள் கையை விட்டேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

"ஏங்க," என்றாள், "உங்க கம்பி நல்லா கெட்டியா இருக்குது."

"சிரிக்கிற நேரமாடி இது?"

"அழுதா தண்ணி இன்னும் ஏறும்ங்க."

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது. தண்ணீர் அவள் நெஞ்சுக்கு வந்தது. ஸ்டூல் ஆடியது. என் பலம் முழுவதையும் வைத்து அந்தக் கம்பியை இழுத்தேன். இந்தக் கம்பியில் யானையைக் கட்டலாம் என்று கஸ்டமரிடம் சொல்வேன். உண்மைதான். அசையவே இல்லை.

சகோதரரே, சகோதரிகளே, நம்பிக்கையை விடவே இல்லை என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. நான் விட்டுவிட்டேன். முழுவதும் விட்டுவிட்டேன். என் மனைவியை நான் கொல்லப் போகிறேன், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கவும் போகிறேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. திருடன் வந்திருந்தால்கூட செயினோடு போயிருப்பான். ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்றுகூட நினைக்கவில்லை. இங்கே அவருக்கு நுழைய இடமே நான் வைக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

சபையில் நீளமாக ஜெபம் பண்ணுகிறவன் நான். அது உங்களுக்குத் தெரியும், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. நான் செய்தது, கட்டினது, கொடுத்தது எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, நான் பூட்டிட்டேன். நீங்க தொறங்க." இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

சமையல்கட்டின் பின் ஜன்னல். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பதற்கு முதல் நாள் அந்தக் கிரிலைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சுவரில் பதித்த நாலு இரும்புக் காலோடு சட்டத்தைச் சேர்த்து முழு வெல்டிங் ஓட்ட வேண்டும். மறுநாள் போதகர் வருகிறார், நூறு பேர் வருகிறார்கள். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. காலுக்கு ஒரு பொட்டு, மொத்தம் நாலு பொட்டு வைத்தேன். பொட்டு என்றால் சட்டம் நகராமல் இருக்கச் சும்மா தொட்டு வைப்பது. அதன் மேல் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டேன். பிறகு வந்து முழுசாக வைக்கலாம் என்று. பிறகு என்பது வரவே இல்லை. பின் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? யாருக்கும் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது. நானே மறந்து போயிருந்தேன்.

அந்த நேரத்தில் அதை எனக்குக் காட்டியவர் யார்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்கு மூன்று வருஷம் ஆனது.

அந்தச் சமயத்தில் அஞ்சலை வந்துவிட்டாள். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். சுனாமியில் படகும் வீடும் போன பிறகு, எங்கள் தெரு முனை மேட்டில் வாடகைக்கு வந்தவர்கள். அவள் கூடை வைத்து மீன் விற்பாள். அவள் புருஷன் ஆறுமுகம் அலைக்குப் பிறகு கடல் பக்கமே போவதில்லை, கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். என் வாசலில் மீன் தண்ணீர் ஊற்றாதே என்று அவளை நான் பல தடவை விரட்டியிருக்கிறேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வந்தாள். சுவர் சுவராக ஏறி வந்த ஆறுமுகம் எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் குந்தியிருந்தான், தண்ணீர் படாமல்.

"இன்னா சாரு, கேட்டத் தொறக்காம ஜன்னலப் புட்ச்சிகினு நிக்கிற? அக்கா உள்ளயா கீது?"

"சாவி விழுந்துடுச்சு."

"உயுந்துச்சா? நான் அப்பவே நெனச்சேன், இது வூடா கூண்டான்னு. கம்பி சந்துல கைய நீட்டித்தான் நாலு மீனு வாங்கும் அந்த அக்கா. அது ஞாபகம் வந்துதான் ஓடியாறேன்." திரும்பி, "யோவ், எறங்குய்யா!" என்றாள்.

"தண்ணில எறங்க மாட்டேன்னு சொல்லிகீறேன்ல, அஞ்சல."

"போன மாசம் காய்ச்சல்னு படுத்துகினு கெடந்தியே, இந்த அக்கா கஞ்சி குட்த்து வுட்டுச்சே, அது மட்டும் எறங்குச்சா?"

ஆறுமுகம் தண்ணீரைப் பார்த்தான். அவன் முகம் என் மனைவி முகத்தைவிட வெளுத்திருந்தது. பிறகு இறங்கினான். இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டான். நேரே என்னிடம் வந்தான்.

"சாரு, நீதான அட்ச்ச இத? எங்க வீக்கு, அத்தச் சொல்லு. எதுலயும் ஒரு எடம் வீக்கா இருக்கும்."

எதிர் மாடி, பக்கத்து மாடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் என் கிரில். என் பேரைச் சொல்லி அவர்கள் தூங்குகிறார்கள்.

"வீக்கான இடமே கிடையாது," என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் மனைவி கழுத்தளவு தண்ணீரில் இருக்கும்போது. ஜெபம் பண்ணி, பதிலும் வந்த பிறகு.

அந்த நேரம் உள்ளே ஸ்டூல் சரிந்தது. எஸ்தரின் விரல்கள் என் கையிலிருந்து நழுவின. முங்கி எழுந்து மறுபடி கம்பியைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"பின்னாடி!" என்று கத்தினேன். எல்லா மாடிக்கும் கேட்கும்படி. "சமையல்கட்டு ஜன்னல்! அது முழு வெல்டிங் இல்லை! வெறும் பொட்டு! நாலு பொட்டுதான் வச்சேன், மேலே பெயிண்ட் அடிச்சு மூடிட்டேன்!"

"கையப் புட்ச்சிகோக்கா, வுட்டுடாத," என்று அஞ்சலை என் இடத்துக்கு வந்து எஸ்தரின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

பின் பக்கம் தரை பள்ளம். ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர். ஆறுமுகம் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மாடியிலிருந்து சுவரோடு இறங்குகிற மழைத்தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டினான். "நீ மேல தொங்கினு எந்த மூலன்னு மட்டும் சொல்லு, சாரு," என்றான். நான் குழாயில் தொங்கிக்கொண்டு சொன்னேன். கீழ் இடது மூலை, மூலையிலிருந்து நாலு விரல் உள்ளே. கடப்பாரையோடு முங்கினான். குமிழி வந்தது. தலையைத் தூக்கி, "ஒண்ணு வுட்ருச்சு," என்றான். அடுத்து வலது. மறுபடி முங்கினான். "சரியான பித்தலாட்டம் சாரு இது, டக்குனு வந்துட்ச்சு," என்றான். அவன் சிரித்தானா, மூச்சு வாங்கினானா, தெரியவில்லை. மேல் இரண்டும் விட்டதும், முழுக் கிரிலும் சுவரைவிட்டுச் சாய்ந்து தண்ணீருக்குள் போனது.

ஆறுமுகம் அந்த ஓட்டை வழியாக உள்ளே போனான்.

அதற்குப் பிறகு வந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. உள்ளே இருட்டு. பாத்திரங்கள் மிதந்து மோதுகிற சத்தம். முன் பக்கத்திலிருந்து அஞ்சலை, "கைய வுட்டுச்சு! அக்கா கைய வுட்டுச்சு!" என்று அலறினாள். அவன் பிடித்து இழுத்ததால் விட்டாளா, முங்கிப் போய் விட்டாளா, எனக்குத் தெரியாது. நான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஜெபம்கூட வரவில்லை. "எஸ்தர், எஸ்தர்" என்று மட்டும் சொன்னேன். அதையும் ஜெபமாகக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று நம்புகிறேன்.

முதலில் அவள் தலைமுடி வந்தது. பிறகு முகம். ஆறுமுகம் ஒரு கையால் முடியைப் பிடித்திருந்தான், மறு கையால் முந்தானையை. வெளியே தள்ளினான். நான் வாங்கினேன். அவள் மூச்சு விடவில்லை. மாடிப் படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் குப்புறப் போட்டு முதுகில் தட்டினோம். தண்ணீர் கக்கினாள். இருமினாள். அந்த இருமல் சத்தத்தைவிட நல்ல பாட்டை நான் எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை.

இருட்டுவதற்குள் ஹால் ஜன்னல் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது.

எஸ்தர் அதற்குப் பிறகு ஒரு மாசம் நெஞ்சுச் சளியில் படுத்தாள். இன்றைக்கும் கதவைச் சாத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பூட்டுப் பெட்டியை நானே வெட்டி எறிந்தேன். சாவி இப்போது எஸ்தர் தலைமாட்டில் தொங்குகிறது. என் பட்டறையிலிருந்து போகிற எந்தக் கிரிலிலும் உள்ளேயிருந்து திறக்கிற ஒரு சின்ன ஜன்னல் வைத்துத்தான் கொடுக்கிறேன். வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். வேறு எங்கெல்லாம் பொட்டு வைத்து மூடினேன் என்று யோசித்து, மூன்று வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, சரி செய்து கொடுத்தேன். சபைக் கூரையிலும் ஏறிப் பார்த்தேன். அங்கே எல்லாம் முழு வெல்டிங்தான், பயப்படாதீர்கள்.

ஆறுமுகத்திடமும் அஞ்சலையிடமும், கர்த்தர்தான் உங்களை அனுப்பினார் என்று சொன்னேன். "உங்க சாமி அனுப்புச்சோ இன்னாவோ, நான் அக்காவுக்கோசரம் வந்தேன்," என்றாள் அஞ்சலை. அவர்கள் அவர்கள் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். இப்போது என் வாசலில்தான் கூடையை இறக்குகிறாள்.

பயத்தில் இருக்கிறவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாம் கட்டுகிற பாதுகாப்பு நம்மை வெளியே விடாது. கர்த்தரின் பாதுகாப்பில் ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கும். நம்பிக்கை அற்றுப் போன பிறகு கூப்பிட்டாலும் அவர் கேட்கிறார். நம்பிக்கை அற்றுப் போனவன் நான், என் குரலைக் கேட்டார். கூப்பிடுங்கள். ஆனால் அவர் பதிலாக எதைக் காட்டுகிறாரோ, அது வெட்கமானதாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் தாமதித்த அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு காரியம். போன வருஷச் சபை மலரில் இந்தச் சம்பவத்தை நாலு வரியில் போட்டிருந்தீர்கள். மூப்பர் தேவதாஸின் ஜெபத்தினால் இரும்புக் கம்பிகள் தண்ணீரில் நூல் மாதிரி அறுந்தன என்று. கூட்டங்களிலும் அப்படியே சொல்கிறார்கள், எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள். ஒரு கம்பியும் அறவில்லை. நான் செய்த கம்பி அறாது. அதை முதலில் திருத்துங்கள். ஆறுமுகம் பேரைப் போடுங்கள், அஞ்சலை பேரைப் போடுங்கள். என் பேரையும் போடுங்கள். கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவன் தேவதாஸ். பின் ஜன்னலில் பொட்டு வைத்து ஏமாற்றினவன் தேவதாஸ். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னவனும், பிறகு ஊர் கேட்க அதை ஒப்புக்கொண்டவனும் தேவதாஸ். இந்த நாலையும் கர்த்தர் எடுத்துத்தான் என் எஸ்தரை வெளியே கொண்டுவந்தார். என் பங்கு அதுதான். அதில் ஒன்றையும் குறைக்காமல் அச்சில் போடுங்கள்.